படுவான்கரைத் திட்டம் ஒன்றை எப்படி மதிப்பிடுவது: நான்கு வழிகள், ஒரு தெரிவு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் 12 கிராமங்கள். கிராமத்துக்கு 50 பெண்கள், மொத்தம் 600 பேர். திட்டம் மூன்று வருடம். தொழில் தொடங்க ஒரு தொகைப் பணமும் சேமிப்புக் குழுவும் முதல் பகுதி. வீட்டில் அடிவாங்கும் பெண்களை ஆஸ்பத்திரிக்கும் சட்ட உதவிக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது இரண்டாவது. பெண் பிள்ளைகள் சாதாரண தரம் வரை பள்ளிக்கூடத்தில் நிற்க மாலை வகுப்பும் பஸ் காசும் மூன்றாவது. இது ஒரு எடுத்துக்காட்டுத்தான். ஆனால் மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ வேலை செய்யும் எந்த மாதர் அமைப்புக்கும் இது பழகிய உருவம். நிதி தருகிறவர் திட்டம் தொடங்கும் முன்பே கேட்கும் கேள்வியும் பழகியதுதான்: எப்படி மதிப்பிடப் போகிறீர்கள்?

கையில் உள்ள வழிகள் நான்கு. தொடக்கத்தில் ஒரு கணக்கெடுப்பும் முடிவில் ஒன்றும் எடுத்து ஒப்பிடலாம். உதவி இன்னும் கிடைக்காத ஒரு கூட்டத்தோடு ஒப்பிடலாம். என்ன மாறியது என்று பெண்களையே சொல்லவைத்துத் தொகுக்கலாம். அல்லது கடைசி மாதத்தில் வெளியாள் ஒருவரை அழைக்கலாம். பெரும்பாலான இடங்களில் நாலாவதுதான் நடக்கிறது. அது நல்ல வழி என்பதால் அல்ல, மற்ற மூன்றையும் யோசிக்க வேண்டிய நேரம் அதற்குள் கடந்துவிடுகிறது.

வழியைத் தெரிவு செய்யும் முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதிவையுங்கள். மதிப்பீடு முடிந்த மறுநாள் யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்? பணம் கொடுப்பதைத் தொடர்வதா, ஆடு கோழிக்கு மாறுவதா என்பது முடிவானால் ஒப்பீட்டுக் கூட்டம் இல்லாமல் முடியாது. மாலை வகுப்பு ஏன் இரண்டு கிராமத்தில் மட்டும் வெறிச்சோடுகிறது என்பது கேள்வியானால் கணக்கெடுப்பு வீண்செலவு. அங்கே போய் உட்கார்ந்து கேட்டால் போதும். எந்த முடிவும் எடுபடப் போவதில்லை, அறிக்கை மட்டும்தான் தேவை என்றால், மிகக் குறைந்த செலவில் அதை முடித்துவிட்டு மிச்சப் பணத்தைப் பஸ் காசில் சேர்ப்பது நேர்மையானது.

முன்னும் பின்னும்

இதன் கவர்ச்சி எளிமை. தொடக்கத்தில் ஒரு தொகைப் பெண்களிடம் வருமானம், சாப்பாடு, கடன், சேமிப்பு பற்றிக் கேட்டுவைத்து, மூன்றாம் வருட முடிவில் அதே பெண்களிடம் அதே கேள்விகளைக் கேட்பது. எத்தனை பேரிடம்? 600 பேரில் ஒரு வீதாசாரத்தை ஐந்து வீதப் பிழைக்குள் சொல்ல 235 பேர் வேண்டும். பத்து வீதப் பிழை பரவாயில்லை என்றால் 83 பேர் போதும். அதோடு ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக எடுங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போவார்கள், மறுமணம் செய்து வேறு ஊர் போவார்கள், வெட்டுக் காலத்தில் வீட்டில் இருக்கமாட்டார்கள். முடிவில் அகப்படாதவர்கள்தான் பெரும்பாலும் மிக மோசமாகவோ மிக நன்றாகவோ போனவர்கள். அவர்களை விட்டுவிட்டு மிச்சப் பேரின் சராசரியை எடுத்தால் படம் கோணலாகிவிடும்.

படுவான்கரையில் ஒரு களப்பணியாளர் ஒரு நாளைக்கு 45 நிமிட நேர்காணல் நாலுதான் ஒழுங்காகச் செய்ய முடியும். வீடுகள் தூரம். காலை ஒன்பதுக்கு முன் பெண்கள் ஓயமாட்டார்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யானை இறங்கும் பக்கங்களில் யாரையும் நிற்கவைக்கக் கூடாது. ஐந்து பேர் சேர்ந்து 250 நேர்காணல் முடிக்க 12, 13 நாள். மூன்று கிழமை என்று திட்டமிடுங்கள். போனில் கோபோ போன்ற செயலியில் தமிழிலேயே படிவத்தை ஏற்றிவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பலாம்.

இந்த வழியை இங்கே கெடுப்பவை இரண்டு. ஒன்று பருவம். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. அப்போது கையில் காசும் வீட்டில் நெல்லும் இருக்கும். கார்த்திகை முதல் தை வரை மழை, வெள்ளம், கூலி வேலை இல்லை, களப்பிலும் கடலிலும் தொழில் மந்தம். முதல் கணக்கெடுப்பைப் பங்குனியிலும் முடிவுக் கணக்கெடுப்பைத் திட்டக் காலம் முடியும் மார்கழியிலும் எடுத்தால், நன்றாக நடந்த திட்டமும் தோற்றதாகத் தெரியும். மாற்றி எடுத்தால் ஒன்றும் செய்யாத திட்டமும் வென்றதாகத் தெரியும். எனவே இரண்டும் ஒரே மாதத்தில். எந்த மாதம் என்றால், வைகாசிக் கண்ணகை அம்மன் சடங்கு முடிந்து, சிறுபோக அறுவடைக்கும் ஆடி அமாவாசைக்கும் முந்திய ஆனி மாதம் நல்லது. பாதைகள் காய்ந்திருக்கும், கையில் பெரிய காசும் இருக்காது, பெரிய பஞ்சமும் இருக்காது. நிதியாண்டு மார்கழியில் முடிகிறதே என்பார்கள். முடிவுக் கணக்கெடுப்பை ஆறு மாதம் முந்தி ஆனியிலேயே எடுத்துவிடலாம். அறிக்கை எழுத நேரமும் கிடைக்கும்.

இரண்டாவது, நாட்டில் நடப்பவை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், 2020 கொரோனா, 2021 இரசாயனப் பசளைத் தடை, 2022 பொருளாதார நெருக்கடி. 2018 முதல் 2021 வரை இங்கே தொடங்கிய மூன்று வருடத் திட்டம் எதை எடுத்தாலும் நடுவில் இவற்றில் ஒன்றாவது விழுந்திருக்கும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 2021 இல் மாதம் 15,000 ரூபா உழைத்தவர் 2023 இல் 25,000 உழைத்தால் அவர் முன்னேறவில்லை, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறார் அல்லது இறங்கியிருக்கிறார். ஆனால் அறிக்கையில் அது 67 வீத உயர்வு. ரூபாவை நம்பவேண்டாம் என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அதற்குப் பதிலாகச் சாப்பாட்டைக் கேளுங்கள். 15 முதல் 49 வயதுப் பெண் கடந்த 24 மணி நேரத்தில் பத்து உணவு வகைகளில் ஐந்தையாவது சாப்பிட்டாரா என்பது உலகெங்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு. இன்னொன்று, கடந்த ஏழு நாளில் உணவு தட்டுப்பாடானபோது என்ன செய்தார்கள் என்ற ஐந்து கேள்வி: விருப்பமில்லாத மலிவுச் சாப்பாட்டுக்கு 1, சாப்பாட்டைக் கடனாகவோ உறவு நட்பிடம் உதவியாகவோ வாங்கியதற்கு 2, அளவைக் குறைத்ததற்கு 1, பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் சாப்பிடாமல் விட்டதற்கு 3, வேளையைக் குறைத்ததற்கு 1. ஒவ்வொன்றையும் நடந்த நாட்களால் பெருக்கிக் கூட்டினால் அதிகபட்சம் 56. விலைவாசி இந்த எண்ணைப் பொய்யாக்காது. ஒரு எச்சரிக்கை: வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கும் வீடுகளில் சனிக்கிழமை போய் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் மீனும் முட்டையும் காணாமல் போய்விடும். அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் இந்தக் கேள்வியே கேட்கக்கூடாது.

கடனைக் கேட்காமல் வருமானத்தை மட்டும் கேட்பது இன்னொரு பிழை. நுண்கடன் இந்த மாவட்டத்தில் செய்த வேலை எல்லோருக்கும் தெரியும். வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய அறிவிக்க வேண்டிய நிலை 2018 இல் வந்தது. எத்தனை இடத்தில் கடன், கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறார், போன கிழமைக் கட்டுக்காசு எங்கிருந்து வந்தது என்ற மூன்றும் வேண்டும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தவரின் "வியாபார முதலீடு" முதலீடல்ல. காசு சேர்க்க ஆள் வரும் கிழமை நாளில் நேர்காணலுக்குப் போகாதீர்கள். போனால் பாதிப் பேர் வீட்டில் இல்லை என்பார்கள், மிச்சப் பேர் உங்களையும் கடன்காரன் என்று நினைப்பார்கள்.

ஒப்பிட ஒரு கூட்டம்

நாட்டுக்கு வந்த நெருக்கடி உதவி கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் ஒன்றுதான். ஆகவே இரண்டு கூட்டத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் திட்டத்தால் வந்தது என்று சொல்ல முடியும். இதுதான் இந்த வழியின் முழுப் பலம். அந்தப் பலம் இருக்க வேண்டுமானால் யாருக்கு முதலில் என்பதைக் கிராம உத்தியோகத்தரோ சங்கத் தலைவியோ தெரிவு செய்யக் கூடாது, குலுக்கல்தான் தெரிவு செய்ய வேண்டும்.

இலங்கையிலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் உண்டு. சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோருக்கு டி மெல், மக்கென்சி, வூட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவி கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். ஆண்களின் இலாபம் நன்றாகக் கூடியது, பெண்களின் இலாபம் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் உதவி வீண் என்று இதை வாசித்தவர்கள் பலர். பிறகு 2019 இல் வேறு ஆய்வாளர்கள் இந்தத் தரவையும் இந்தியா, கானாத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கணவனும் தொழில் செய்யும் வீடுகளில் மனைவிக்குக் கொடுத்த காசு கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்பவர் அவர் ஒருவர்தான் என்ற இடங்களில் பெண்களின் இலாபம் ஆண்களுடையதுக்குக் குறைவாக இல்லை. அதாவது, அவருடைய கடையின் கணக்கை மட்டும் கேட்டால் திட்டம் தோற்றது போலத் தெரியும். வீட்டின் எல்லாத் தொழிலையும் கேட்டால்தான் காசு எங்கே போனது என்று புரியும். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களும் கணவன் உள்ள குடும்பங்களும் ஒரே பட்டியலில் இருக்கும் நம் திட்டங்களில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத மதிப்பீடு அரைகுறை.

"சிலருக்குக் கொடுத்துச் சிலருக்குக் கொடுக்காமல் விடுவதா?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை, யாரையும் விடுவதில்லை, முன்பின்னாகக் கொடுப்பது. காசு எப்படியும் ஒரே நாளில் 600 பேருக்கும் வருவதில்லை. முதல் வருடம் பாதிப் பேருக்கும் இரண்டாம் வருடம் மிச்சப் பேருக்கும் என்றால், நடுவிலுள்ள பன்னிரண்டு மாதம் ஒப்பீட்டுக் காலம். குலுக்கல் நம் பெண்களுக்குப் புதிதல்ல, சீட்டில் முதல் யார் எடுப்பது என்று துண்டு குலுக்கிப் பழகிய ஊர். கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ எல்லோர் கண்முன்னும், ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு துண்டு எடுப்பியுங்கள். அலுவலகத்தில் கம்பியூட்டர் தெரிவு செய்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவிக்கு மட்டும் காத்திருப்புப் பட்டியல் கிடையாது. அது முதல் நாளே எல்லாக் கிராமத்திலும் திறந்திருக்க வேண்டும்.

கிராமத்தைக் குலுக்குவதா, பெண்ணைக் குலுக்குவதா என்பதில்தான் கணக்கு இடிக்கிறது. ஒரு நிலையை 40 வீதத்திலிருந்து 55 வீதத்துக்கு உயர்த்தினோம் என்று காட்ட, தனித்தனிப் பெண்களைக் குலுக்கினால் ஒரு பக்கத்துக்கு 170 பேர் வேண்டும், மொத்தம் 340. கிராமம் கிராமமாகக் குலுக்கினால், ஒரே ஊர்ப் பெண்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் அதே எண்ணிக்கை பாதிப் பலத்துக்கு இறங்கிவிடும். 12 கிராமத்தில் ஆறுக்கு ஆறு, கிராமத்துக்கு 20 பேர் என்று 240 பேரை எடுத்தால் 25 வீதப் புள்ளி வித்தியாசம் வந்தால்தான் கண்ணில் படும். அவ்வளவு பெரிய மாற்றத்தை எந்த வாழ்வாதாரத் திட்டமும் ஒரு வருடத்தில் தராது. "வித்தியாசம் எதுவும் இல்லை" என்ற முடிவு அச்சாகும், நிதி தருகிறவர் அதை நம்புவார். குறைந்த எண்ணிக்கையோடு கிராமக் குலுக்கல் செய்வதைவிடச் செய்யாமல் விடுவது நல்லது.

பெண்களைக் குலுக்கலாம் என்றால் வளவு குறுக்கே வருகிறது. மட்டக்களப்பில் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் தாயும் கல்யாணமான மகள்மாரும் ஒரே வளவில் இரண்டு மூன்று வீட்டில் இருப்பது சாதாரணம். அக்காவுக்கு இந்த வருடம், தங்கைக்கு அடுத்த வருடம் என்று குலுக்கல் விழுந்தால் அக்காவின் காசில் தங்கை வீட்டுச் சோறும் வேகும். ஒப்பீடு அங்கேயே செத்துவிடும். குலுக்கலின் அலகு வளவாக இருக்கட்டும்: ஒரு வளவுக்குள் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே துண்டு. நேர்காணலின் அலகு அடுப்பாக இருக்கட்டும்: ஒரே உலையில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். இந்த இரண்டு வரையறையையும் களப்பணியாளர் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதாவிட்டால் ஐந்து பேரும் ஐந்து விதமாக எண்ணுவார்கள்.

"வீட்டுத் தலைவர் யார்?" என்ற கேள்வியைக் கணக்கெடுப்புப் படிவங்களிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதும் இங்கே ஒத்துவராது. வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும், கூப்பனில் தலைவர் ஆண். சுனாமிக்குப் பின் வீடு கட்டிக் கொடுத்தபோது பெண்ணின் சீதன வீட்டுக்குப் பதிலாக வந்த புது வீடு கணவனின் பெயரில் போனதற்கு இந்த ஒரு சொல்தான் காரணம். உறுதி யார் பெயரில், உழைப்பது யார், பணத்தைக் கையில் வைத்திருப்பது யார் என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

வெளிநாட்டுப் படிவங்களில் பெண்களின் வலுவை அளக்க ஒரு கேள்வித் தொகுதி வரும்: மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, பெரிய கொள்வனவு ஆகியவற்றில் யார் முடிவெடுக்கிறார்? கணவன் இறந்தோ காணாமல் ஆக்கப்பட்டோ போன பெண்ணிடம் இதைக் கேட்டால் விடை எப்போதும் "நான்தான்". முதல் நாளே நூறு வீதம். திட்டம் அதற்கு மேல் எதைக் கூட்டுவது? வேறு ஆளில்லாததால் முடிவெடுப்பதும், விரும்பி முடிவெடுப்பதும் ஒன்றல்ல. கணவன் இல்லாத பெண்களுக்கு வேறு கேள்விகள் வேண்டும். பிரதேச செயலகத்துக்குத் தனியே போய் அலுவல் முடித்தாரா, நெல்லை அவரே விலை பேசி விற்றாரா, அண்ணன் தம்பியைக் கேட்காமல் காணி குத்தகைக்குக் கொடுத்தாரா, சங்கக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசினாரா.

"விதவை" என்ற கட்டத்தில் அடையாளம் போடுவதைப் பற்றியும் ஒரு சொல். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களில் பலர் மரணச் சான்றிதழ் வாங்க மறுத்து இன்னும் தேடுகிறவர்கள். அந்தச் சொல்லை வாயால் சொன்ன கணத்தில் நேர்காணல் முடிந்துவிடும், அடுத்த நாற்பது கேள்விக்கும் வரும் பதில் பதிலல்ல. "இப்போது உங்களோடு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் வேண்டியது அனைத்தும் வந்துவிடும்.

வன்முறை பற்றிக் கேட்க வேண்டுமா? பெரும்பாலான திட்டங்களில் வேண்டாம் என்பதே நம் தீர்ப்பு. 2019 இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய தேசிய ஆய்வு, துணையால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஆளான பெண்கள் ஐந்தில் ஒருவர் என்று காட்டியது. பரவல் எவ்வளவு என்று அறிய உங்கள் 250 பேர் தேவையில்லை. வேண்டியது சேவை வேலை செய்கிறதா என்பது. அதைப் பதிவேட்டிலிருந்து பார்க்கலாம்: வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள், வைத்தியசாலையில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கென இயங்கும் மித்துரு பியச நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அங்கு போய்ச் சேர்ந்தார்கள், 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டவர்களுக்கு எத்தனை நாளில் கிடைத்தது. முறைப்பாடு கூடுவதைத் தோல்வியாக எழுதாதீர்கள். மறைத்திருந்தவர்கள் நம்பி வந்தால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். குறைவது நல்லது என்று இலக்கு வைத்தால், களப்பணியாளர் பதியாமல் விட்டு இலக்கை எட்டித் தருவார்.

கேட்டே ஆகவேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் விதிகளைக் குறைக்காதீர்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும், வேறு காது இல்லாத இடத்தில், பயிற்சி பெற்ற பெண் களப்பணியாளர், கையில் உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியல். மாமியோ கணவனோ உள்ளே வந்தால் சட்டென்று மாற்றிக் கேட்கக் குழந்தை வளர்ப்பைப் பற்றிய பத்துக் கேள்வி தயாராக இருக்க வேண்டும். 1938 என்ற மகளிர் உதவி எண்ணைத் துண்டில் அச்சடித்து வீட்டில் விட்டுவராதீர்கள். அந்தத் துண்டைக் கணவன் கண்டால் அடி விழும். மனதில் பதியச் சொல்லிக் கொடுங்கள்.

களப்பணியாளர் தெரிவில் ஊர்க்காரர் கூடாது, ஆனால் ஊர்ப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். முஸ்லிம் ஊர்களில் "ராத்தா" என்று வாய் நிறையக் கூப்பிடத் தெரிந்த முஸ்லிம் பெண், தமிழ் ஊர்களில் தமிழ்ப் பெண். இதைப் பிரிவினை என்று எண்ண வேண்டியதில்லை. 1990 வன்செயல்களில் இரண்டு பக்கமும் உயிர்களை இழந்த ஊர்களில் பெயரைக் கேட்டதுமே வாய் மூடிக்கொள்ளும்.

பெண்களே சொல்லும் மாற்றம்

வங்காளதேசத்தில் 1990களில் ரிக் டேவிஸ் உருவாக்கிய முறை இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வி: இந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு நடந்த மாற்றங்களில் எது பெரிது, ஏன்? கிராமத்தில் வரும் 15, 20 கதையிலிருந்து கிராமத்துப் பெண்களே கூடி ஒன்றைத் தெரிவார்கள். 12 கிராமத்துக் கதைகளிலிருந்து கிராமச் சங்கங்களின் சம்மேளனம் இரண்டைத் தெரிவு செய்யும். ஏன் அதைத் தெரிவு செய்தார்கள் என்று எழுதிவைப்பதுதான் முறையின் உயிர். கதையை வைத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஆண்டறிக்கைக்கான அலங்காரம்.

இதன் பலம், நீங்கள் கேட்க நினைக்காததைக் கொண்டுவருவது. கோழி வளர்ப்புத் திட்டத்தில், கோழியைவிடப் பெரிய மாற்றமாக, கிழமைக்கு ஒருநாள் வீட்டை விட்டுக் கூட்டத்துக்குப் போக முடிந்ததைப் பெண்கள் சொல்லக்கூடும். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இருக்காது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இருபது வருடமாக என்.ஜி.ஓ. கூட்டங்களில் இருந்த பெண்களுக்கு எந்தக் கதை எடுபடும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். "முன்பு வீட்டுக்குள் இருந்தேன், இப்போது பேசுகிறேன்" என்பது மனப்பாடம். ஆகவே "இந்தத் திட்டத்தால் வந்த கெட்டது என்ன?" என்று தனியாக ஒரு கேள்வி, தனியாக ஒரு தெரிவு. முதல் தடவை ஒன்றும் வராது. இரண்டாம் தடவை, முதலில் சொன்னவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை என்று கண்ட பிறகுதான் வரும்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. "கணவன் காணாமல் போன, மூன்று பெண் பிள்ளைகள் உள்ள, மாவரைக்கும் மில் வைத்திருக்கும் ஒரு தாய்" என்று எழுதினால் 60 வீட்டு ஊரில் அது யார் என்று பஸ் கொண்டக்டருக்கும் தெரியும். முன்னாள் போராளிப் பெண்களின் கதையில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருப்பதும் நினைவில் இருக்கட்டும். பெயர்ப் பட்டியலும் விடைகளும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. பட்டியலைக் கேட்டு யார் வந்தாலும் யார் பதில் சொல்வது என்று முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்.

கடைசியில் வரும் நிபுணர்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து நாள் ஒப்பந்தத்தில் கொழும்பிலிருந்து வந்துபோக இரண்டு நாள், கச்சேரியிலும் அலுவலகத்திலும் சந்திப்பு இரண்டு நாள், எழுத மூன்று நாள். களத்துக்கு மூன்று நாள் மிஞ்சும். களப்பணியாளர் கூட்டிவரும் பெண்கள், களப்பணியாளரே மொழிபெயர்ப்பாளர். பொருத்தம், இசைவு, பயன், செலவுத்திறன், தாக்கம், நிலைபேறு என்று, நிதி தரும் நாடுகளின் OECD அமைப்பு 2019 இல் திருத்திய ஆறு அளவுகோலின் கீழ் ஆறு அத்தியாயம் வரும். தொடக்கத் தரவு இல்லாமல் தாக்கம் என்ற அத்தியாயத்தில் எதை எழுதுவது என்று கேட்பாரில்லை.

வெளியாள் கட்டாயம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஊழியர் பயனாளிகளிடம் தவறாக நடந்தார், பட்டியலில் பெயர் போடக் காசு வாங்கினார் என்ற முறைப்பாடு. அதை உள்ளே இருப்பவர்கள் விசாரிக்க முடியாது. அழைப்பதானால் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள்: சந்திக்கும் பெண்களை முழுப் பட்டியலிலிருந்து நிபுணரே குலுக்கித் தெரிவார், நிறுவன ஊழியர் எவரும் அந்த இடத்தில் நிற்கமாட்டார், வரைவு தமிழில் சம்மேளனத்துக்குக் கொடுக்கப்பட்ட பின்பே இறுதியாகும்.

தெரிவு

600 பேருக்கான இந்தத் திட்டத்துக்கு: வளவுக் குலுக்கலோடு முன்பின் கொடுப்பனவு, ஒரு பக்கத்துக்கு 200 பேராக 400 பேர், முதல் ஆனியிலும் அடுத்த ஆனியிலும் ஒரே கேள்விகள், 30 கேள்விக்கு மேல் வேண்டாம். மூன்றாம் ஆனியில் அதே பெண்களில் பாதிப் பேரிடம் மட்டும். அதற்குள் எல்லோருக்கும் உதவி கிடைத்திருக்கும், அது முன்பின் ஒப்பீடு மட்டுமே என்று அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மாற்றக் கதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நிபுணருக்கான காசை இந்த மூன்றுக்கும் பிரித்துவிடலாம். 150 பேருக்குக் குறைந்த திட்டமானால் குலுக்கலை மறந்துவிடுங்கள், கணக்கு நிற்காது. எல்லோரிடமும் பத்துக் கேள்வி, கதை, பதிவேடு, அவ்வளவுதான்.

பெண் பிள்ளைகளின் பகுதிக்கு இது எதுவும் பொருந்தாது. வீட்டில் தாயிடம் "பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா" என்று கேட்டால் விடை எப்போதும் ஆம். வரவுப் பதிவேட்டையும் அப்படியே நம்ப முடியாது. மாதம் ஒருநாள், பொருள் கொடுக்காத சாதாரண நாளொன்றில், சொல்லாமல் போய் வகுப்பில் தலை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். தரம் 9 இல் இருந்த பிள்ளைகளின் பெயரை எழுதி, சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்களோடு ஒன்றுக்கொன்று சரிபாருங்கள். விடுபட்ட ஒவ்வொரு பெயருக்கும் காரணம் தேடுங்கள். வாகரைப் பக்கம் பதிவில்லாமல் குடும்பமாகிவிட்ட பிள்ளை எந்தப் புள்ளிவிபரத்திலும் வராது, வகுப்புத் தோழிகளுக்குத்தான் தெரியும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் எதைக் கேட்பதானாலும் தாய் தகப்பனின் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் வேண்டும். துன்புறுத்தல் எதையாவது பிள்ளை சொன்னால் யாரிடம் அறிவிப்பது என்பதைக் கேள்வி கேட்கும் முன் தெரிந்திருக்க வேண்டும், 1929 என்ற சிறுவர் உதவி எண் உட்பட.

திட்டம் பாதி ஓடிவிட்டது, தொடக்கக் கணக்கு எடுக்கவில்லை என்பவர்களுக்கு: இரண்டு வருடத்துக்கு முந்திய வருமானத்தை நினைவிலிருந்து கேட்காதீர்கள், அது வெறும் ஊகம். எத்தனை ஆடு, எத்தனை கட்டுக்காசு, கூரை ஓடா தகரமா, அடகில் இருந்த நகை என்ன என்று எண்ணக்கூடியவற்றைக் கேளுங்கள். வருடத்தைச் சொல்லிக் கேட்டால் குழம்புவார்கள், பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் போல நிகழ்வைச் சொல்லுங்கள். இன்னும் உதவி போகாத கிராமம் ஒன்று பட்டியலில் இருந்தால் காசு போகும் முன் அங்கே இந்த மாதமே கணக்கெடுங்கள்.